சுவர்ப் பலகையும் செலவுக் கணக்கும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இவ்விரண்டிலும் முதலில் போட்ட கணக்கும் முடிவில் வந்த செலவும் ஒத்திருந்தன என்று சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. இதற்குக் காரணம் என்ன? விலைவாசி ஏறிவிட்டது என்பர் சிலர். வேலையாட்கள் காலம் கடத்திவிட்டனர் என்பர் வேறு சிலர். இவை ஓரளவு உண்மையே. ஆயினும் கணக்கிலேயே ஒரு குறை உண்டு. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கு விலை போடுகிறோம், தெரியாததை விட்டுவிடுகிறோம். அவ்வாறு விடுபட்ட பகுதி ஒருநாள் வந்து தன் விலையைக் கேட்கிறது. சில வேளைகளில் அந்த விலையைக் கட்டியவரே கொடுக்கிறார். சில வேளைகளில் அதைக் கொடுப்பவர் வேறொருவராக இருக்கிறார்.

இதனை விளக்கிக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் மரவீடுகளின் சுவர்மேல் அடிக்கப்படும் பலகையின் வரலாறே அது. பலகைக்கும் ஓர் வரலாறா என்று நேயர்கள் வியத்தல் கூடும். அரசர்களின் போர்களைக் காட்டிலும், மக்கள் தம் வீட்டுச் சுவருக்கு எவ்வளவு செலவிட்டனர், அச்செலவை எவ்வாறு எண்ணினர் என்பது ஒரு நாட்டின் வாழ்வை நமக்கு நன்றாகவே காட்டும்.

நம் நாட்டில் சுவர் என்றால் மண்ணோ செங்கல்லோ கருங்கல்லோ நினைவுக்கு வரும். அச்சுவர் தானே நின்று, கூரையைத் தாங்கி, மழையையும் வெயிலையும் தடுக்கும். மரம் மலிந்த வட அமெரிக்காவில் வீட்டமைப்பு வேறு. அங்கே மரத்தூண்களையும் விட்டங்களையும் இணைத்து, எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டகத்தை முதலில் எழுப்புவர். பாரத்தைச் சுமப்பது அச்சட்டகமே. மழையும் பனியும் குளிர்காற்றும் உள்ளே புகாதபடி, அதன் வெளிப்புறத்தில் மெல்லிய பலகைகளை வரிசை வரிசையாக அடிப்பர். எலும்பின்மேல் தோல் போர்த்தியது போன்ற இந்த மேற்போர்வையை அமெரிக்கர் 'சைடிங்' என்பர். நாம் சுவர்ப் பலகை என்று வழங்குவோம்.

இப்பலகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக விளிம்போடு விளிம்பு சேர்த்து அடித்தால் மழைநீர் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். ஆகையால் மேற்பலகையின் அடிப்பகுதி கீழ்ப்பலகையின் தலைப்பகுதியை மூடும்படி அடிப்பர். நம் ஊரில் ஓடு வேய்வோர் மேலோட்டைக் கீழோட்டின்மீது ஏற்றி வைப்பதும் இதே முறைதான். நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றில் வழிந்து தரையை அடையும். ஓட்டில் பாதி மறைந்திருப்பது போலவே பலகையிலும் ஒரு பகுதி மறைந்திருக்கும். செலவுக் கணக்கின் சூட்சுமம் எல்லாம் அந்த மறைந்த பகுதியில்தான் இருக்கிறது.

ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். நீளம் 15 அடி. அகலம் 10 அடி. சுவரின் உயரம் 8 அடி. நான்கு பக்கமும் சுற்றளவு 50 அடி. ஆகவே சுவரின் பரப்பு 400 சதுர அடி. அமெரிக்கத் தச்சர் 100 சதுர அடியை ஒரு 'சதுரம்' என்பர். நம் ஊர்க் கொத்தனாரும் மேஸ்திரியும் வீட்டைச் 'சதுரக்' கணக்கில் சொல்லும்போது குறிப்பது இதே அளவுதான். எனவே நாம் எடுத்துக்கொண்ட வீட்டின் சுவர் 4 சதுரம்.

இனிப் பலகைக்கு வருவோம். 6 அங்குல அகலமுள்ள பலகையில் 2 அங்குலம் மறைந்து, 4 அங்குலம் வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 அடி என்பது 96 அங்குலம். வெளியே தெரிவது 4 அங்குலமானால் 24 வரிசை வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் அடித்தால் 16 வரிசையே போதும். 24 வரிசைக்கு, வரிசை ஒன்றுக்கு 50 அடியாக, 1,200 அடி நீளப் பலகை வேண்டும். அதன் பரப்பு 600 சதுர அடி. அதாவது 6 சதுரம். 4 சதுரச் சுவரை மூட 6 சதுரப் பலகை செலவாகிறது. வாங்கும் பலகையில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. சுவரை மட்டும் அளந்து பலகை வாங்கியவன் வேலையின் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

கணக்கு இத்துடன் முடியவில்லை. வீட்டின் இரு முனைகளிலும் கூரைச் சரிவுக்குக் கீழே முக்கோணச் சுவர் இருக்கும். அங்கே ஒவ்வொரு பலகையையும் சாய்வாக அறுக்க வேண்டும். அறுத்த துண்டு பெரும்பாலும் விறகாகும். சன்னலுக்கும் கதவுக்கும் உரிய இடத்தைக் கழிக்கலாமே எனத் தோன்றும். ஆனால் அவற்றைச் சுற்றிலும் பலகையை வெட்டிச் சேர்ப்பதில் வீணாவதற்கு அது சரியாகப் போகும் என்று சிறிய சன்னல்களைக் கழிக்காமலே கணக்கிடும் தச்சர் பலர். பின்னர் ஆணி உண்டு. சட்டகத்தின் நிலைச்சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நின்றால், 1,200 அடிப் பலகைக்கு 900 ஆணிகள் வேண்டும். முனைகளிலும் மூலைகளிலும் அடிப்பவை வேறு. சுவரின் அழகைப் பார்ப்பவர் ஆணியை எண்ணுவதில்லை. ஆனால் ஆணி இன்றிப் பலகை இல்லை.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு வரலாற்றுக்குள் நுழைவோம்.

1620-ஆம் ஆண்டில் 'மேஃபிளவர்' என்ற கப்பலில் வந்த ஆங்கிலேயர் பிளிமத் என்னுமிடத்தில் குடியேறினர். அவர்களுக்குப் பணம் கொடுத்து உதவிய இலண்டன் வணிகர்களுக்குக் கடனைத் திருப்பித் தரவேண்டியிருந்தது. அவர்களிடம் பொன் இல்லை, விளைபொருளும் இல்லை, காடு மட்டும் எல்லையின்றிக் கிடந்தது. 1621-இல் 'ஃபார்ச்சூன்' என்ற கப்பல் வந்தபோது, பிளந்த மரப்பலகைகளை அதில் கொண்டமட்டும் ஏற்றி, நீர்நாய் முதலியவற்றின் தோல்களையும் சேர்த்து அனுப்பினர். 'கிளாப்போர்டு' என வழங்கிய அப்பலகை அந்நாளில் பீப்பாய் செய்வதற்கு உதவியது. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 500 பவுன். கணக்கில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கப்பல் இங்கிலாந்தை அடையுமுன் பிரெஞ்சுக்காரர் அதனைப் பிடித்துச் சரக்கை எடுத்துக்கொண்டனர். மரத்தை எண்ணினர், உழைப்பையும் எண்ணினர், கடலை எண்ணவில்லை. கடன் தீரவில்லை.

பீப்பாய்க்கு உதவிய அப்பலகையின் பெயரே பின்னர் வீட்டுச் சுவர்ப் பலகைக்கும் நிலைத்தது. இங்கிலாந்தில் மரச்சட்டகத்தின் இடைவெளியை வரிச்சும் களிமண்ணும் கொண்டு அடைத்து அப்படியே விட்டுவிடும் வீடுகள் பல. மாசசூசெட்ஸ் பகுதியின் கடுங்குளிரிலும் பனியிலும் அது போதாதாயிற்று. மரமோ கையருகே இருந்தது. ஆதலின் சட்டகத்தின்மேல் பலகை அடிப்பது அங்கே பொதுவழக்காயிற்று.

1632-இல் இப்பலகையைப் பற்றி ஒரு வழக்கே எழுந்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்திராப். துணை ஆளுநர் தாமஸ் டட்லி. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்ற நியூடவுனில் டட்லி தமக்கு வீடு கட்டிக்கொண்டார். அவ்வீட்டின் உட்சுவரைப் பலகையால் அணிசெய்தது தகாது என்று வின்திராப் குறை கூறினார். குடியேற்றத்தின் தொடக்கக் காலம்; பொதுச்செலவுகள் பல; தலைவர்கள் எளிமைக்கு எடுத்துக்காட்டாக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. டட்லியோ, வீட்டின் கதகதப்புக்காகச் செய்தது அது, செலவும் சொற்பமே, வெறும் கிளாப்போர்டுப் பலகைகளைச் சுவரில் அடித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை என்று விடையிறுத்தார். இச்செய்தியை வின்திராப் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இருவரில் யார் சொன்னது சரி? ஒரே சுவருக்கு இருவரும் இருவேறு கணக்குப் போட்டனர். டட்லி பலகையையும் ஆணியையும் எண்ணினார். அதனைக் காணும் ஏழைக் குடியானவன் மனத்தில் என்ன தோன்றும் என்பதையும் வின்திராப் கணக்கில் சேர்த்தார். ஒரு செலவு சொற்பமா, மிகையா என்பது எவற்றையெல்லாம் கணக்கில் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. 17-ஆம் நூற்றாண்டிலேயே இக்கேள்வி எழுந்துவிட்டது.

அடுத்து, தெற்கே வர்ஜீனியாவுக்குச் செல்வோம். அங்கே புகையிலைப் பயிர் நிலத்தின் சாரத்தை விரைவில் உறிஞ்சிவிடும். நிலம் சோர்ந்தவுடன் குடியானவர்கள் அதனை விட்டுவிட்டுப் புதுநிலம் தேடிச் செல்வர். செல்லும்போது தம் மரவீட்டிற்குத் தாமே தீ வைப்பர். பகைமையாலோ பைத்தியத்தாலோ செய்தது அன்று. மரம் எங்கும் கிடைக்கும், ஆணி கிடைக்காது. கொல்லன் ஒவ்வோர் ஆணியையும் உலையில் காய்ச்சி அடித்துச் செய்ய வேண்டும். பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆகவே வீட்டை எரித்துச் சாம்பலைக் கிளறி ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு சென்றனர்.

இதனைத் தடுக்க வர்ஜீனியாவின் சட்டமன்றம் 1645-இல் ஒரு விதி செய்தது. நிலத்தை விட்டுச் செல்பவன் வீட்டை எரிக்கலாகாது. அதற்கு ஈடாக, அவ்வீட்டைக் கட்ட எத்தனை ஆணி செலவாகியிருக்கும் என்று நடுநிலையாளர் இருவர் மதிப்பிட்டுச் சொல்வர். அத்தனை ஆணிகளை அவன் பெற்றுக்கொள்ளலாம். எண்ணிப் பாருங்கள்! நின்றுகொண்டிருக்கும் வீட்டைச் சுற்றிவந்து, பலகை வரிசைகளையும் சட்டங்களையும் எண்ணி, உள்ளே மறைந்திருக்கும் ஆணிகளை இருவர் கணக்கிடுகின்றனர். அவர்களுக்கு நடுநிலை வேண்டும் என்று சட்டமே வற்புறுத்துகிறது. வீட்டுக்காரன் மிகைப்படுத்திச் சொல்வான். கொடுப்பவன் குறைத்துச் சொல்வான். கணக்குப் போடுபவன் எவர் பக்கமும் சாயலாகாது. கட்டட மதிப்பீடு என்னும் தொழிலின் அறம் முழுவதும் இச்சிறு விதியில் அடங்கியிருக்கிறது.

ஆணியின் அருமையை அதன் பெயரே சொல்லும். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஆணியின் அளவைப் 'பென்னி' என்னும் காசின் பெயரால் குறிப்பர். முற்காலத்தில் இங்கிலாந்தில் 100 ஆணி 10 காசுக்கு விற்றால் அது பத்துக்காசு ஆணி எனப்பட்டது. விலை மாறிப் பல நூற்றாண்டுகள் ஆகியும், அளவைக் குறிக்கும் பெயராக அக்காசு நிலைத்துவிட்டது.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறியது. இரும்புத் தகட்டிலிருந்து ஆணியை வெட்டி எடுக்கும் பொறிகள் அமெரிக்காவில் தோன்றின. அத்தகைய பொறி ஒன்றுக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் 1795-இல் காப்புரிமை பெற்றார். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், மற்றப் பொருள்களின் விலையோடு ஒப்பிட ஆணியின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது எனப் பொருளியல் ஆய்வு கூறுகிறது. வீட்டை எரித்து ஆணி பொறுக்கும் காலம் பழங்கதையாயிற்று.

ஆயினும் அந்த மாற்றத்தின் வாயிலில் நிற்கும் ஒரு பட்டறையை நாம் மறக்கலாகாது. அமெரிக்க விடுதலைச் சாசனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்சன், 1794-இல் மாண்டிசெல்லோ என்ற தம் பண்ணையில் ஆணிப் பட்டறை ஒன்று தொடங்கினார். அங்கே ஆணி அடித்தவர்கள் 10 முதல் 16 வயது வரையுள்ள அடிமைச் சிறுவர்கள். எந்தச் சிறுவன் எத்தனை ஆணி செய்தான், எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்று ஜெபர்சன் நுணுக்கமாகக் கணக்கு எழுதினார். வீணான இரும்புக்கு அக்கணக்கில் இடம் இருந்தது. வீணான இளமைக்கு இடம் இல்லை. அந்த ஆணியை வாங்கித் தன் வீட்டுப் பலகையில் அடித்தவன், தான் நியாயமான விலையே கொடுத்ததாக எண்ணியிருப்பான். விடுபட்ட செலவை வேறொருவர் தலையில் ஏற்றுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி நாம் முதலில் கணக்கிட்ட சிறு வீட்டிற்கு வருவோம். 15 அடி நீளமும் 10 அடி அகலமும் 8 அடி உயரத் தூண்களும் உடைய அவ்வீடு கற்பனை வீடன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரை அடுத்த வால்டன் குளக்கரையில் ஹென்றி டேவிட் தோரோ தம் கையால் கட்டிய வீடு அது. அவர் பெயர் நமக்குப் புதியதன்று. சட்டமறுப்பைப் பற்றி 1849-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் இருந்த நாளில் காந்தியடிகள் படித்துப் போற்றினார்.

1845-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இரவல் கோடரி ஒன்றை எடுத்துக்கொண்டு தோரோ காட்டுக்குள் சென்றார். மரம் வெட்டிச் சட்டகம் செய்தார். பலகைக்காக, இருப்புப்பாதை வேலையில் ஈடுபட்டிருந்த அயர்லாந்துக்காரர் ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 செண்டுக்கு வாங்கினார். அதனைப் பிரித்துப் பலகைகளைக் குளக்கரைக்குக் கொண்டுவந்து புல்லின்மேல் வெயிலில் பரப்பி வளைவு எடுத்தார். ஜூலை 4-ஆம் நாள் குடிபுகுந்தார். குளிர்காலம் வருமுன் புகைபோக்கி கட்டிச் சுவர்களுக்கு மர ஓடு அடித்தார்.

1854-இல் வெளிவந்த 'வால்டன்' என்னும் நூலில் அவ்வீட்டின் செலவை அரைச் செண்டு விடாமல் எழுதியிருக்கிறார். பலகைகளுக்கு 8 டாலர் 3½ செண்டு. கூரைக்கும் சுவருக்கும் வேண்டிய கழிவு மர ஓடுகளுக்கு 4 டாலர். வரிச்சுகளுக்கு 1 டாலர் 25 செண்டு. கண்ணாடியோடு கூடிய பழைய சன்னல் இரண்டுக்கு 2 டாலர் 43 செண்டு. பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர். சுண்ணாம்பு இரண்டு பீப்பாய்க்கு 2 டாலர் 40 செண்டு. காரையில் கலக்கும் மயிருக்கு 31 செண்டு. அடுப்பின் முகப்பைத் தாங்கும் இரும்புக்கு 15 செண்டு. ஆணிகளுக்கு 3 டாலர் 90 செண்டு. கீல்களுக்கும் திருகாணிகளுக்கும் 14 செண்டு. தாழ்ப்பாளுக்கு 10 செண்டு. சுண்ணக்கட்டிக்கு 1 செண்டு. வண்டிச் சத்தத்துக்கு 1 டாலர் 40 செண்டு. ஆக மொத்தம் 28 டாலர் 12½ செண்டு. அந்நாளில் கேம்பிரிட்ஜ் கல்லூரி மாணவன் ஒருவன் தன் அறைக்கு ஓராண்டு வாடகையாக 30 டாலர் கொடுத்து வந்தான் என்று அவரே ஒப்பிட்டுக் காட்டுகிறார்.

இந்தக் கணக்கை உற்று நோக்குவோம். ஆணி மலிந்த காலமாயினும், முழுச்செலவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆணிக்கே போயிற்று. மர ஓட்டுக்கு 4 டாலர்தான். அது மிகவும் மலிவு. ஏன் மலிவு என்பதையும் அவர் மறைக்கவில்லை. மரத்தின் முதல் சீவலில் எடுத்த, சாறு உலராத, குறையுள்ள ஓடுகள் அவை. அவற்றின் விளிம்புகளை ஒவ்வொன்றாக இழைப்புளியால் இழைத்து நேராக்க வேண்டியிருந்தது. 4 அங்குல அகலமுள்ள ஓடு, 4 அங்குலம் வெளியே தெரியும்படி அடிக்கப்பட்டால், ஒரு சதுரத்துக்கு 900 ஓடு வேண்டும். உடைவதையும் கழிவதையும் சேர்த்து ஆயிரமாகக் கொள்வது பழைய தச்சர் வழக்கு. அவ்வளவில் பார்த்தால் 4 சதுரச் சுவருக்கு மட்டும் 4,000 ஓடு. ஒவ்வொன்றின் விளிம்பையும் இழைத்த உழைப்பு எத்தகையது என்பதைத் தச்சு வேலை அறிந்தவர் உணர்வர். பொருளில் மிச்சப்பட்டது உழைப்பில் செலவாயிற்று.

அந்த உழைப்புக்குக் கணக்கில் விலை இல்லை. நிலத்துக்கும் விலை இல்லை. அது அவருடைய நண்பர் எமர்சனுக்கு உரியது. காட்டில் வெட்டிய மரத்துக்கும், கல்லுக்கும், மணலுக்கும் விலை இல்லை. சட்டகத்தைத் தூக்கி நிறுத்த வந்த நண்பர்களுக்குக் கூலி இல்லை. அப்படியானால் தோரோவின் கணக்கும் குறையுடையதுதானே என்று கேட்கலாம். குறையுடையதே. ஆனால் எதனைச் சேர்த்தேன், எதனை விட்டேன் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். மரமும் கல்லும் மணலும் விலையின்றிக் கிடைத்தவை என்றும், வேலையெல்லாம் தாமே செய்ததாகவும் கணக்கின் ஓரத்திலேயே எழுதுகிறார். படிப்பவன் அவற்றைத் தானே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மதிப்பீட்டில் நாம் எதிர்பார்க்க வேண்டிய நேர்மை இதுவே.

அதே நூலில் அவர் மற்றொரு கணக்கும் போடுகிறார். அப்பகுதியில் சராசரி வீடு ஒன்றின் விலை ஏறத்தாழ 800 டாலர். தொழிலாளியின் கூலி நாளைக்கு ஒரு டாலர். உண்டு உடுத்து மிச்சம் பிடித்து அத்தொகையைச் சேர்க்க, குடும்பப் பொறுப்பு இல்லாதவனுக்கே 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும். வீட்டின் விலை டாலரில் எழுதப்பட்டிருந்தாலும், அது கொடுக்கப்படுவது வாழ்நாளில் என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

தோரோ 1847-இல் அவ்வீட்டை விட்டு நீங்கினார். வீடு வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டுத் தானியம் வைக்கப் பயன்பட்டது. 1868-இல் பிரிக்கப்பட்டு அதன் மரங்கள் வேறு கட்டடத்துக்குச் சென்றன. வீடு கட்டிய ஆண்டிலிருந்து சரியாக நூறாண்டு கழித்து, 1945-இல் அதன் புகைபோக்கியின் அடித்தளம் தோண்டிக் கண்டெடுக்கப்பட்டது. வீடு போயிற்று, கணக்கு நிலைத்து நிற்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் மரப்பலகைக்குப் போட்டியாக வேறு பொருள்கள் வந்தன. மரப்பலகைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாயம் பூச வேண்டும், இல்லையேல் உளுத்துவிடும். சாயச் செலவு முதல் மதிப்பீட்டில் வருவதில்லை. ஆனால் வீடு உள்ளளவும் தொடரும். இக்குறையைத் தீர்க்க வந்தது கல்நார்ச் சிமெண்டு ஓடு. கல்நார் என்பது நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று வழங்கும் கனிமம். அதன் இழையைச் சிமெண்டோடு கலந்து மெல்லிய தகடாக்கும் முறையை ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்செக் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். தீப்பிடிக்காது, உளுக்காது, சாயம் வேண்டாம், விலையும் குறைவு என்றால் யார்தான் வாங்கமாட்டார்? 1930-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்காவில் எண்ணற்ற வீடுகளின் சுவர்களை இவ்வோடு மூடியது. அக்காலத்து மதிப்பீட்டுத் தாளில் இதனைவிடச் சிக்கனமான பொருள் இல்லை.

ஆனால் கல்நார்த் தூசியைச் சுவாசித்தவரின் நுரையீரலில் அவ்விழைகள் தங்கிவிடுகின்றன. 20 முதல் 50 ஆண்டு வரை கழித்துப் புற்றுநோயாக அவை வெளிப்படக்கூடும். 1964-இல் இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவரும் அவர் உடன்பணியாளரும் கல்நார் வேலை செய்த தொழிலாளரை ஆராய்ந்து இக்கொடுமையை உலகறியச் செய்தனர். 1989-இல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பெரும்பாலான கல்நார்ப் பொருள்களைத் தடைசெய்தது; 1991-இல் நீதிமன்றம் அத்தடையின் பெரும்பகுதியைத் தள்ளியது; 2024-இல் வெண்கல்நாருக்கு மீண்டும் தடை விதிக்கப்பட்டது. சுவரில் உடையாமல் இருக்கும்வரை அவ்வோட்டால் தீங்கு குறைவு. அறுத்தாலும் உடைத்தாலும் தூசி பறக்கும். அதனைக் கழற்ற, பயிற்சி பெற்றவரும் பாதுகாப்பு உடையும் தனிச்செலவும் வேண்டும். தாத்தா மிச்சப்படுத்திய பணத்தைவிடப் பேரன் கொடுக்கும் செலவு மிகுதியாகிவிடுகிறது. தகட்டை ஆலையில் செய்தவனும் அறுத்து அடித்தவனும் கொடுத்த விலையோ எண்ணில் அடங்காது. நம் நாட்டில் கல்நார்த் தகடு பெரும்பாலும் கூரையாக இருப்பதால், இப்பாடம் நமக்கும் உரியதே.

மற்றொரு வகையிலும் கணக்குகள் மறைக்கப்பட்டன. வீடுகளைப் பழுதுபார்க்க வழங்கப்படும் கடனுக்கு அமெரிக்க அரசு 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஈடு நின்றது. நல்ல நோக்கம்தான். இதனைப் பயன்படுத்திக்கொண்டு, சுவர்ப் போர்வை விற்போர் சிலர் வீடு வீடாக ஏறி இறங்கினர். உங்கள் வீட்டை மாதிரி வீடாகக் காட்டப் போகிறோம், அதைப் பார்த்து வாங்குவோரிடமிருந்து உங்களுக்குத் தரகு வரும், ஆகவே உங்களுக்குச் செலவே இல்லை என்று ஆசை காட்டினர். வேலை தொடங்குமுன்பே வேலை முடிந்ததாகக் கையெழுத்து வாங்கினர். 1954-இல் அமெரிக்க மேலவைக் குழு ஒன்று இம்மோசடிகளை விசாரித்தது. 1968-இல் வந்த கடன் வெளிப்படைச் சட்டம், கடனுக்கு மெய்யாக ஆகும் செலவை எழுத்தில் காட்ட வேண்டும் என்றது. குடியிருக்கும் வீட்டை ஈடாக வைத்து வாங்கும் கடனை மூன்று வேலை நாளுக்குள் கைவிடும் உரிமையையும் அளித்தது. 1645-இல் நடுநிலையாளர் இருவர் செய்த பணியை 300 ஆண்டு கழித்துச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

வீடு கட்டுவோர் அனைவருக்கும் இவ்வரலாறு மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுக்கிறது. மதிப்பீட்டுத் தாளைக் கையில் வாங்கியதும் மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் அவற்றைக் கேட்க வேண்டும். சுவரின் அளவைச் சொல்லும் இக்கணக்கு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மறையும் பகுதியையும் ஆணியையும் கழிவையும் சேர்த்திருக்கிறதா? கட்டி முடித்த பின் ஆண்டுதோறும் வரும் செலவையும், ஒருநாள் கழற்றி எறிய ஆகும் செலவையும் சொல்கிறதா? இது இவ்வளவு மலிவாக இருப்பதற்கு யாருடைய உழைப்போ உடல்நலமோ விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது?

முதற் கேள்விக்குத் தச்சரும் கொத்தனாரும் விடை சொல்வர். இரண்டாவதற்கு அனுபவம் விடை சொல்லும். மூன்றாவதற்கு நம் மனச்சான்றுதான் விடை சொல்ல வேண்டும். அக்கேள்வி எழுதப்படாத கணக்கு, அரைச் செண்டு வரை சரியாக இருப்பினும், நிறைவு பெறாத கணக்கே ஆகும்.